முட்டை லாரியும் மஞ்சள் காப்பும்

ஏரி வற்றினால் எங்கள் ஊரில் பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். நாங்கள் மட்டையைத் தேடுவோம். நாமக்கல்லுக்குப் பக்கத்து ஊர். தண்ணீர் நின்றால் ஏரி, நிற்காவிட்டால் ஹாக்கி மைதானம். கடலைக்காடு கருகி, கிணறு வறண்டு, மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போன வருஷங்களில்தான் எங்கள் ஆட்டம் வளர்ந்தது. நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. வானம் பொய்க்கப் பொய்க்க எங்கள் கால்களுக்கு வேகம் கூடியது.

முதல் மட்டைகள் கடைச் சரக்கல்ல. வளைந்த புளியங்கொம்பாகப் பார்த்து வெட்டி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோவோம். சோற்று நேரத்தில் ஆசாரி இழைத்துத் தருவார். கைப்பிடிக்கு லாரி டியூப்பின் ரப்பர். கார்க் பந்தைச் சுண்ணாம்பில் முக்கிக் காயவைத்துக்கொள்வோம். ஓங்கி அடித்தால் வெள்ளைத் தூள் பறக்கும். வெடித்த ஏரிமண்ணில் பந்து நேராகப் போகாது. வெடிப்பில் இடறும், துள்ளும், திரும்பி நம் முழங்காலுக்கே வரும். அந்த மண்ணில் ஆடிப் பழகியவனுக்குச் சமதரையில் எல்லாமே மெதுவாக நடப்பது போலத் தோன்றும்.

முதல் வருஷம் எடப்பாடிக்குப் போனோம். தறி ஓட்டும் பையன்களின் அணி எங்களைத் துவைத்து எடுத்தது. எங்கள் மட்டையைத் தூக்கிப் பார்த்து, "ஏம்ப்பா, இது ஆடறதுக்கா, மாடு முடுக்கறதுக்கா?" என்றான் ஒருவன். அடுத்த வருஷம் அதே பையன்களை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தோம். மட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதற்கும் அடுத்த கோடையில் சேலம் மாவட்டக் கோப்பை (நாமக்கல் அப்போது சேலத்தோடு இருந்தது) எங்கள் கைக்கு வந்தது. கோப்பையில் யாரோ சோடா ஊற்றினார்கள். வரிசையாகக் குடித்தோம், பித்தளை வாசத்தோடு.

அந்தக் கோப்பைக்குக் காரணம் இரண்டு பேர். ஒருவன் எங்கள் கேப்டன். சென்டர் பார்வர்டு. எனக்குப் பங்காளி முறை. பந்து அவனிடம் போனால் நாய்க்குட்டிபோல அவன் காலடியிலேயே ஓடிவரும். நான் லெப்ட் ஹாஃப். நிறுத்தி அவனுக்குத் தள்ளுவதோடு என் வேலை முடிந்தது. இன்னொருவன் கோல்கீப்பர். அவன் அத்தாவுக்குச் சந்தையில் ஜவுளிக்கடை. நாங்கள் அவனைப் பாய் என்போம். அவன் எங்கள் எல்லோரையும் மாப்ள என்பான், என் தாத்தா உட்பட.

கேப்டனுக்கு மட்டும் இது விளையாட்டு இல்லை. அவர்கள் கிணறுதான் முதலில் வற்றியது. அவன் அப்பா ஒருநாள் ஏரிக்கரையில் நின்று ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்தக் கோடையோட சரி சாமி. பந்து சோறு போட்டாப் போடட்டும். இல்லீன்னா ஆடி மாசம் ரிக்கு வண்டி ஏறிரோணும்." ரிக்கு வண்டி என்றால் ஆழ்குழாய்க் கிணறு போடும் வண்டி. ஏறினவன் ஆந்திரா, அதற்கும் மேலே என்று மாதக்கணக்கில் போவான். பாறைத்தூள் பூசிக்கொண்டு திரும்புவான். ஆனால் நன்றாக ஆடுகிறவர்களை மில்கள் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் காலம் அது. திருச்சியில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

இங்கேதான் ஒரு பிழை செய்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

கோப்பை வந்த வாரமே மாரியம்மன் நோம்பிக்குச் சாட்டு, திருவிழா அறிவிப்பு. கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். மூன்று கிளை விட்ட மரத்தை நட்டு மஞ்சள் பூசி, அதையே அம்மனுக்குத் துணையாக நிறுத்துவது. அன்று காப்புக் கட்டிக்கொண்டவர்கள் கம்பம் பிடுங்கும்வரை ராத்திரியில் ஊர் எல்லைக்கு வெளியே படுக்கக் கூடாது. அதனால்தான் லாரிக்காரர்கள் கட்டிக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கோ மாநிலப் போட்டி நோம்பி முடிந்த பிறகுதான் என்று சொல்லியிருந்தார்கள். ஆத்தா கோப்பையைக் கொடுத்தாள், இன்னொன்றும் கொடுக்கட்டும் என்று மொத்த அணியும் வரிசையில் நின்று கையை நீட்டியது.

பாயும் நீட்டினான். "எனக்கும் ஒண்ணு கட்டுங்க பூசாரி. கடைசீல அடி வாங்கறவன் நாந்தானுங்களே."

"சும்மா இரு சாமி. சந்தைல உங்க அத்தா மூஞ்சில நான் முழிக்கோணுமா வேண்டாமா?" என்றார் பூசாரி.

மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து செய்தி வந்தது. கல்லூரி மைதானம் பரீட்சைக்கு வேண்டுமாம். போட்டியை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். சரியாக நோம்பிக்குள்.

பூசாரியிடம் போய் நின்றோம். அவர் தடுக்கவில்லை. "கழட்டோணும்னாக் கழட்டிக்கலாஞ் சாமி. ஆரும் உங்களக் கட்டச் சொல்லுல. நீங்களா நெனச்சுக் கட்டினது" என்றார். தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்போம். கேப்டன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்: "கழட்ட வேண்டாங்க. வெடியால போயி ராத்திரிக்குள்ள வந்தர்லாமுங்க."

திருச்சிக்கு முட்டை ஏற்றிப்போகும் லாரி ஒன்று இருந்தது. அணியில் ஒருவனுடைய மாமன் ஓட்டுவது. கோழிப்பண்ணைகள் பெருகத் தொடங்கியிருந்தன. முட்டைத் தட்டுகளுக்கு நடுவே மட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனோம். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். காலி லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பி, எல்லைக்கல்லைத் தாண்டித் தூங்கினோம்.

மறுநாள் கால் இறுதி. கேப்டன் அன்று ஆடிய ஆட்டத்தை நான் எழுதிப் பார்த்துக் கிழித்ததுதான் அதிகம். எதிரணியில் மூன்று பேரைத் தாண்டி ஒரு கோல் போட்டான். பந்து வலையைத் தொட்ட பிறகுதான் மட்டைச் சத்தம் கேட்டது என்று இன்றுவரை நம்புகிறேன். இடைவேளைக்குப் பிறகு வந்தது மழை. இரண்டு வருஷமாக நாங்கள் பார்க்காத மழை, திருச்சியில் கொட்டியது. மைதானம் குளமானது. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நனைந்துகொண்டு நின்றபோது ஒரு பெரியவர் குடையோடு வந்தார். மில் அணிக்கு ஆள் எடுப்பவர். கேப்டனிடம், "தம்பி, நாளைக்கும் இதே மாதிரி ஆடு. முடிஞ்சதும் என்னைப் பாத்துட்டுப் போ" என்றார். வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பாய் சொன்னான்: "பெரியம்மா ஊடு பாலக்கரைல இருக்குது. பதினோரு பேரும் படுத்துக்கலாம். மாப்ள, இன்னிக்கு ஒரு ராத்திரிதான். உங்க ஆத்தாட்ட நான் வந்து பேசிக்கறேன்."

எல்லோரும் கேப்டனைப் பார்த்தோம். அவன் ஒருவன் தலையாட்டியிருந்தால் நாங்களும் தங்கியிருப்போம்.

"பாப்பாளுக்கு நேத்து அம்மை போட்டிருக்குதுடா," என்றான். அவன் தங்கை. "வேப்பந்தழைல படுத்துக் கெடக்கறா. நான் இங்க வெளியூர்ல படுத்துட்டு…" அவனுக்கு முன்னால் நான்தான் லாரியில் ஏறினேன். பாய் மட்டும் பெரியம்மா வீட்டுக்குப் போனான்.

மறுநாள் கோழி கூப்பிடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். ஆனால் மழை எங்களுக்கு முன்னால் சாலையில் நடந்து போயிருந்தது. மோகனூர் தாண்டியதிலிருந்து பள்ளம், பள்ளத்தில் தண்ணீர். லாரி கர்ப்பிணிபோல நகர்ந்தது.

"மாமா, கொஞ்சம் முடுக்குங்க."

"முட்டை சாமி இது. கல்லு மண்ணு இல்ல. முடுக்கினா முசிறில ஆம்லெட்டுக் கடை போட்டுட்டுத்தான் போகோணும்."

யாரோ சிரித்தார்கள். தொட்டியத்தில் கிழக்கு வெளுத்துவிட்டது. கேப்டன் கேபின் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கேட்டான்: "இறக்கி வெச்சுட்டுப் போலாமுங்களா? நாங்களே இறக்கறோம். திரும்பி வந்து நாங்களே ஏத்தித் தாரோம்."

"ஆரு காட்டுல இறக்கறது கண்ணு? ஈரத்துல அட்டை ஊறிப் போயிரும். முதலாளிக்கு நான் என்ன சொல்ல?" அவர் கெட்டவர் இல்லை. பள்ளத்துக்குப் பள்ளம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினார். காவிரி எங்களோடு கூடவே வந்தது, எங்களைவிட வேகமாக.

நாங்கள் போனபோது மைதானத்தில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. நடுவர் காத்திருந்து பார்த்து, எதிரணி ஜெயித்ததாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். ஆனால் ஆட்டம் நடப்பது போலத்தான் இருந்தது. எங்கள் கோலில் பாய் கால் பேடுகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். எதிரணிக்காரர்கள் வெறுமனே நிற்பானேன் என்று அவனை நோக்கி அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவன் பழகவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் விழுந்து புரண்டான். சட்டை முழுக்கச் சேறு. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கேப்டனின் தோளைப் பிடித்தான்.

"ஒண்ணுகூட உள்ள உடல மாப்ள. வந்துருவீங்க, வந்துருவீங்கன்னு…"

குடைப் பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். கேப்டன் அவரைத் தேடிக் கல்லூரி வாசல்வரை ஓடினான். திரும்பி நடந்து வந்தான். அவன் நடந்து நான் பார்த்ததே இல்லை, மைதானத்தில்.

கம்பம் பிடுங்கி, காப்பு அவிழ்த்து, பாப்பாளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய வாரத்தில் மில்லிலிருந்து ஆள் வந்தது. கோல்கீப்பரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

பாய் போக மாட்டேன் என்றான். மூன்று நாள் ஏரிக்கே வரவில்லை. கேப்டன்தான் ஜவுளிக்கடைக்குப் போய் அவன் அத்தாவிடம் பேசி, பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தான்.

"உனக்கு வெச்சிருந்த எடம்டா இது," என்றான் பாய்.

"ஏறுடா பாய். கண்டக்டரு திட்டறாரு."

"நீ என்னயத் திட்டு மாப்ள. ஒரு வார்த்த திட்டிப்போட்டுப் போ."

"எதுக்குடா? நீ நின்ன. நாங்க வருல. அவ்வளவுதான." பெட்டியை மேலே ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு இறங்கினான். பஸ் போன பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே, "சீட்டு ஜன்னலோரமாக் கெடச்சுருச்சு," என்றான் என்னிடம்.

அதற்குப் பிறகும் எங்கள் ஆட்டம் வளரத்தான் செய்தது. எண்பதுகளில் எங்களுக்கு அடுத்த செட்டுப் பையன்கள் மாநில அரை இறுதிவரை போனார்கள். கடை மட்டை வந்தது, சீருடை வந்தது. போட்டி வருகிற வருஷம் யாரும் காப்புக் கட்டுவதில்லை. அதை யாரும் சட்டமாகப் போடவில்லை. கேப்டன் அப்போது ஆந்திராவில் எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

பாயை அனுப்பிய அன்று சாயங்காலம் கேப்டனைத் தேடி ஏரிக்குப் போனேன். தனியாக ஆடிக்கொண்டிருந்தான். வெடிப்பு நிலத்தில் பந்தை ஓட்டிவந்து கோலுக்குள் அடித்தான். தடுக்க ஆளில்லை. ஒவ்வொரு பந்தும் உள்ளே போனது. கோலைத் தாண்டி வெகுதூரம், ஏரியின் அந்தக் கோடிவரை உருண்டு போனது. ஒவ்வொன்றையும் அவனே போய்க் குனிந்து எடுத்துவந்தான். இறங்கிப் போய்ப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக் கொடுக்கலாமா என்று கரையில் நின்று யோசித்தேன். வேண்டாம் என்பது போல, பார்க்காமலே கையைக் காட்டினான்.