மாடிவீட்டுக்காரர் பார்த்துச் சொன்ன பிரேக் லைட்

கோவில்பத்தில் எங்கள் மாடியில் குடியிருந்தவர், எதைக் கேட்டாலும் தலையாட்டிச் சிரிப்பார். வெயிலில் நின்று காரின் பிரேக் லைட் பல்பை நானே மாற்றிய அன்று, அவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லி பிரேக்கை மிதித்தேன்.

“எரியுதுங்க” என்றார்.

மறுநாள் கீழவாஞ்சூர் சாலையில் நான் பிரேக் போட, பின்னால் வந்த நிலக்கரி லாரி உரசாத குறையாக நின்றது. பின்சீட்டில் என் மகள். லைட்டே எரியவில்லை என்று லாரிக்காரர் இறங்கி வந்து கத்தினார்.

திரும்பிய வேகத்தில் மாடியேறிக் கேட்டேன்.

“அன்னைக்கே எரியலைங்க. வேர்த்து விறுவிறுத்து நின்னீங்க, சொல்ல மனசு வரலை.” அதே சிரிப்பு.

அந்த மனசைக் கொண்டுபோய் உடைப்பில் போட. இப்போதெல்லாம் காரின் பின்பக்கத்தைச் சுவரோரம் நிறுத்தி, சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் நானே பார்க்கிறேன். சுவருக்கு என்மேல் இரக்கம் கிடையாது.