மூன்று பலகாரம்

மகள் ஸ்பெயினுக்குப் படிக்கப் போனதிலிருந்து எனக்குப் பொழுது விடிவது அவள் குரலில்தான். இங்கே காலை ஐந்து மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். தூங்கப் போகும் முன் போனில் ஒரு குரல் செய்தி அனுப்புவாள். "அமே" என்று தொடங்கும். பர்மியில் அம்மாவுக்கு அதுதான் சொல். அப்பா இல்லாத பிள்ளையை இங்கே பர்மாவில், பபேடான் பேட்டையில், நம் தமிழர்கள் நடுவிலேயே வளர்த்தேன். தமிழில் என்ன பேசினாலும் புரியும், பதில் மட்டும் பர்மியில் வரும். "நாக்குல என்னடி சுளுக்கா?" என்று திட்டுவேன். அதற்கும் பர்மியில்தான் பதில் சொல்வாள்.

அந்த ஆகஸ்ட் மாதக் காலையில் குரலோடு ஒரு படமும் வந்தது. அவள் இருக்கும் ஊரில் தெருத் திருவிழாவாம். இரண்டு ஆள் உயரத்துக்குக் காகிதப் பொம்மைகள் ஆடிக்கொண்டே போகுமாம். பின்னால் பேண்டு வாத்தியம். வயதான பெண்கள்கூட வீட்டுக்குப் போகாமல் நடுத்தெருவில் ஆடுவார்களாம். இங்கே இருட்டியதும் கதவைச் சாத்திவிட்டு, மாடிப்படியில் சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறோம். பெற்ற மகள் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

"திடீர்னு வெடி போட்டாங்க அமே. நான் ஒரு பலகாரக் கடைக்குப் பின்னால ஓடித் தரையில படுத்துட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க," என்று பர்மியில் சொல்லி அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தச் சத்தத்துக்குப் படுக்கப் பழகிய பிள்ளை என்று எனக்குத் தெரியும். அவளைத் தேற்றுவதற்காகத் தோழிகள் இரண்டு பேரும் அதே கடைக்குக் கூட்டிப்போய், எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய ஏதோ பலகாரம் வாங்கச் சொன்னார்களாம். அப்போது எடுத்த படம் அது. கண்ணில் ஈரம் காயவில்லை, ஆனால் வாய்கொள்ளாத சிரிப்பு. ஒரு கை கடைக்காரனை நோக்கி உயர்ந்திருந்தது. ஊரை விட்டுப் போன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உடனே அதையே போனின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வெளியே கிளம்புமுன் முகம் கழுவுவதுபோலப் போனையும் கழுவுவோம். யாராவது அனுப்பிய செய்தி, அரசியல் பேச்சு, எரிந்த கிராமத்தின் படம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் படியிறங்குவது. அன்றும் ஒழுங்காகக் கழுவினேன். முகப்பில் இருந்தது என் மகள். அவளை ஏன் அழிக்கப்போகிறேன்?

எனக்கு வேலை மிங்கலாடோனில் ஒரு தையல் ஆலையில். தைத்து வரும் சட்டைகளில் குறை பார்க்கிற வேலை. வழியில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அதுவும் வழக்கம்தான். வரிசையில் நின்று போனை நீட்டினேன். வாங்கிய சிப்பாய்க்கு என் மகள் வயதுகூட இருக்காது. உள்ளே எதையும் திறக்கவில்லை. முகப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது என்ன விரல்?"

அப்போதுதான் நான் அவள் கையைப் பார்த்தேன். மூன்று விரல். இந்த ராணுவ ஆட்சியை ஏற்காதவர்கள் உயர்த்திக் காட்டும் மூன்று விரல். அதற்காகப் பிள்ளைகள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். நாள் முழுக்கக் காலரில் அரை நூல் கோணலைக் கண்டுபிடிக்கிற கண், பெற்ற பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை.

"அவளுக்கு அந்த ஊர் பாஷை சரியா வராது. மூணு பலகாரம் கேக்குறா," என்றேன்.

"படத்துல ரெண்டு பேர்தான் இருக்காங்க. மூணு எதுக்கு?"

"படம் எடுத்த பிள்ளைக்கு ஒண்ணு."

அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். வந்தவருக்கு என் வயது இருக்கும். "டௌலே" என்று, சித்தியை அழைக்கும் மரியாதையோடு பேசினார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. மகளின் பெயர் கேட்டார், படிக்கும் இடம் கேட்டார், சொன்னேன். பஸ்ஸில் ஏறிவிட்டவர்கள் எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி உட்கார்ந்தவள்தான்.

"நல்லாப் படிக்கிற பொண்ணு போலிருக்கு. எப்ப திரும்பி வருவா?"

"தீபாவளிக்கு," என்றேன்.

யாரோ பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்ததுபோலச் சொல்லிவிட்டேன். இரண்டு மாதமாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வாயில் தயாராக இருந்த பதில். தெரியாது என்றிருக்கலாம். இப்போதைக்கு வரமாட்டாள் என்றிருக்கலாம். அவர் அதையும் எழுதிக்கொண்டார். என் அடையாள அட்டையையும் அந்தப் படத்தையும் தன் போனில் எடுத்துக்கொண்டு, "வரட்டும், பார்க்கலாம்," என்று என் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று ஆலையில் எத்தனை கோணல் காலரை விட்டேனோ தெரியாது. மேற்பார்வையாளர் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

மாலை நானே அவளைக் கூப்பிட்டேன். அங்கே மதியம், திருவிழாவின் இரண்டாம் நாள், பின்னால் வாத்தியம் கேட்டது. எனக்கு என்ன வாங்கி வரவேண்டும் என்று அவள் பாட்டுக்குப் பர்மியில் கேட்டுக்கொண்டே போனாள். போனில் யார் காது வைத்திருக்கிறார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தமிழ் என்றால் கொஞ்சமாவது மறைவு என்று ஒரு நம்பிக்கை.

"தீபாவளிக்கு வராத," என்றேன் தமிழில்.

"என்ன அமே, கோவமா?"

"காலையில அனுப்புன படத்துல உன் கையைப் பாரு."

படத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு அவள் மூச்சை இழுத்தது கேட்டது. இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

"பஸ்ல பாத்துட்டாங்க. நீ வர்ற நாளையும் நான்தான் சொன்னேன். பாவி, என் வாயாலயே சொன்னேன். இந்த வருசம் வேணாம். அடுத்த வருசமும் வேணாம். நான் சொல்ற வரைக்கும் வராத. எனக்கு ஏதாவது ஆச்சுன்னாலும் வராத."

அவள் அழுதாள். நான் அழவில்லை, அழுதால் கிளம்பி வந்துவிடுவாள். வாத்தியம் அவளைத் தாண்டித் தூரமாகப் போயிற்று. பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, எங்கே தப்பாகிவிடுமோ என்று தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்.

"சரி... அம்மா. நான்... வரல்லே."

அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த தமிழ். "போனை வை," என்றேன்.