அக்கா மாற்றிச் சொன்னது

அக்காவின் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்ததும் அப்பா மில்லில் லீவு சொல்லிவிட்டு, ஏழு வயதுக்காரியான என்னையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினார். ஒடிசாவிலிருந்து கீழ்வேளூர் ரைஸ் மில் வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் ஒடியா, வாசலைத் தாண்டினால் தமிழ். எங்கள் வம்சத்திலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள் அக்காதான். ஹாஸ்டலில் விடும்போதே அம்மா சொல்லியிருந்தாள், ஒத்துவராவிட்டால் திரும்பி வந்துவிடட்டும், ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்று.

ஆஸ்பத்திரியோ ஆபீஸோ, எங்கே போனாலும் அப்பா கைகட்டி நிற்பார், அக்காதான் தமிழில் பேசி அவருக்கு ஒடியாவில் சொல்வாள். அன்றும் அப்படித்தான் நின்றார்.

"நல்லா படிக்கிற பொண்ணுங்க. ஆனா யார்கூடயும் பேச மாட்டேங்குறா. சரியா சாப்பிடுறதில்ல, வீட்ட நெனச்சு அழுதுக்கிட்டே இருக்கா. நாலு நாள் கூட்டிட்டுப் போய் வச்சிருந்து அனுப்புங்க" என்றார் பேராசிரியை.

அக்கா அப்பாவிடம் ஒடியாவில் சொன்னாள்: "நல்லா படிக்கிறேனாம். கவலைப்பட ஒண்ணுமில்லையாம்."

நான் கீழ்வேளூரிலேயே பிறந்தவள். ஒடிசாவிலிருந்து வந்த அக்காவுக்குத் தமிழ் இன்னும் பிடிபடவில்லை போலும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

அப்பா தலையாட்டி, பேராசிரியையை நோக்கிக் கும்பிட்டார்.

கேட் வரை எங்களோடு வந்த அக்கா அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவர் சட்டையில் எப்போதும் அவித்த நெல்லின் வாசனை இருக்கும். அக்கா நெடுநேரம் முகத்தை எடுக்கவில்லை.

"சனிக்கிழமை வந்துட்டுப் போம்மா. அம்மாவுக்கு உடம்பு முடியல" என்றார் அப்பா ஒடியாவில்.

"என்னாச்சு அம்மாவுக்கு?"

"நீ பக்கத்துல இருந்தா சரியாயிடும்."

அம்மாவுக்கு என்னவோ என்று திருவாரூர் தாண்டும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் அம்மா கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பைக் கொதிக்கவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வந்த அக்கா, அடுப்படியில் திடமாக நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவதில் மும்முரமாக இருந்தார். தண்ணீர்ச் சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, அம்மா மடியில் தலைவைத்து விளக்கேற்றும் நேரம்வரை தூங்கினாள். திங்கட்கிழமை அப்பாவே சைக்கிளில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டார்.

அவர் நேராக மில்லுக்குத்தான் வருவார் என்று மில் வாசலில் காத்திருந்தேன்.

"அம்மாவுக்குத்தான் ஒண்ணுமில்லையே, ஏன் அக்காகிட்ட பொய் சொன்னீங்க?"

அப்பா சிரித்தார். அதற்குள் ஒரு லாரி வந்து வழியை அடைத்து நின்றது.

"யோவ், எத்தனை தடவ சொல்றது? வண்டிய அந்தாண்ட ஓரங்கட்டுய்யா! நெல்லு காயுறது கண்ணுக்குத் தெரியல?" என்று அப்பா கத்தினார். டிரைவர் ஏதோ முணுமுணுக்க, அப்பா அதற்கும் மூச்சுவிடாமல் தமிழிலேயே பதில் கொடுத்தார்.

அதுதான் எனக்கும் பதில் என்று தெரியாமல், சண்டை எப்போது முடியும் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.