இரண்டு தரம் ‘டை’

போன செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி றெஜினா, போனைக் கையில் பிடித்தபடி குசினி நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். விழவில்லை. கதிரை இருக்கிறது என்று நினைத்தவர்போல மெதுவாக உட்கார்ந்தார்.

“என்னப்பா?”

“அனிற்றா எடுத்தவள். ஸ்கான் முடிஞ்சுதாம். ரிப்போட்டிலை டை எண்டு போட்டிருக்காம்.”

“டையோ?”

“ஓம். ரெண்டு தரம்.”

அனிற்றா எங்கள் ஒரே மகள். கல்யாணமாகி யூனியன்வில்லில் இருக்கிறாள். இது அவளுக்கு மூன்றாவது மாதம். போன வருடமும் ஒரு மூன்றாவது மாதம் வந்தது — அந்தக் குழந்தை தங்கவில்லை. அப்போது குழந்தையின் காலுக்கென்று வாங்கிய சின்னச் சப்பாத்தை றெஜினா எங்கே வைத்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பயம்தான். வேறென்ன?

“சரியாச் சொல்லும். என்ன சொன்னவள்?”

“நேரிலை வாங்கோ, சொல்லுறன் எண்டாள். நான் விடேல்லை. ரிப்போட்டை அப்பிடியே வாசி எண்டன். டைகோரி என்னமோ... பிறகு டையம்னி என்னமோ... குரலும் நடுங்கினது. அப்பாட்டைச் சொல்லுங்கோ, அவருக்கு விளங்கும் எண்டிட்டு வைச்சிட்டாள்.”

எனக்கு விளங்குமாம்! வாராவாரம் இந்தப் பத்தியில் ஆங்கிலச் சொற்களைப் பிரித்து மேய்கிறவன் அல்லவா... அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ‘டை’ ஒன்றே ஒன்றுதான். சாவு.

திரும்ப எடுத்தோம். வொயிஸ்மெயில். மறுபடியும் வொயிஸ்மெயில். கூகிளில் தேடப் போனேன். றெஜினா போனைப் பறித்துவிட்டார்.

“வேண்டாம். உதிலை பாத்தா அதே உண்மையாப் போயிடும்.”

என்ன லொஜிக் அது? ஆனாலும் நான் தேடவில்லை. தெரியாதவரை ஒன்றும் நடக்கவில்லை — பயந்தவர்களுக்கு இருப்பது இந்த ஒரு லொஜிக்தான்.

நாங்கள் இருக்கும் மல்வேர்னில் இருந்து யூனியன்வில் அப்படியொன்றும் தூரமில்லை. அன்று எல்லாச் சிக்னலும் சிவப்பு. பக்கத்து சீட்டில் செபமாலை உருண்டது. செபம் பாதியில் அறுந்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கியது. மகளிடம் என்ன சொல்வது? ‘பரவாயில்லை’ என்றா? போன முறை அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அப்பாமாருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கார் ஓட்டத்தான் தெரியும்.

கதவைத் திறந்தவளின் கண் சிவந்திருந்தது. ஆனால் சிரித்தாள்!

“சொறி அப்பா, டிரைவ் பண்ணினன், அதுதான் போன் எடுக்கேல்லை. கண்டுபிடிச்சிட்டீங்களோ?”

“எதை, பிள்ளை?”

“டை, அப்பா! அது கிரீக். டை மீன்ஸ் டூ! ட்வின்ஸ்! ரெண்டு பேருக்கும் தனித்தனிப் பிளசென்ரா, அது முதல் டை; தனித்தனிப் பை, அது மற்ற டை. ட்வின்ஸிலை அதுதான் ஸேஃபஸ்ட் எண்டு டொக்டர் சொன்னவ.”

றெஜினா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் சப்பாத்தோடேயே போய் சோஃபாவில் விழுந்தேன்.

டை என்றால் இரண்டு. எனக்குத் தெரியாததா? யாழ்ப்பாணத்தில் உயர்தரம்வரை இரசாயனம் படித்தவன். ஆனால் படித்தது தமிழில். உலகத்துக்குக் கார்பன் டையொக்சைட், எங்களுக்குக் காபனீரொட்சைட்டு. மொனொக்சைட் என்றால் காபனோரொட்சைட்டு. கிரேக்கர்களின் மொனோ, டை, ட்ரை எல்லாவற்றையும் யாரோ ஒரு புண்ணியவான் ஓர், ஈர், மூ என்று அழகாகத் தமிழாக்கிவிட்டார். அதனால் அந்த ‘டை’யோடு எனக்குப் பழக்கமே இல்லை. மற்ற ‘டை’யோடுதான் பழக்கம். சண்டைக்குள் இருந்து தப்பி வந்தவர்களின் காதில் அதுதானே முதலில் விழும்?

இப்போது பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்களா?

“ட்வின்ஸ் எண்டா கூடக் கவனம் வேணுமாம். நாலு கிழமைக்கு ஒருக்கா ஸ்கான்” என்றாள் மகள். அதாவது, நாலு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுப் போன் அடிக்கும்...

திரும்பி வரும்போது றெஜினா மறுபடியும் செபமாலையைக் கையில் எடுத்தார்.

“இனி என்னத்துக்கப்பா?” என்றேன்.

“முதல் சொன்ன செபம் ஒரு பிள்ளைக்குத்தானே!”

எங்கள் இரசாயனத் தமிழில் சொல்வதானால் — ஓர்-அச்சத்தோடு போனோம், ஈர்-அச்சத்தோடு வந்தோம்.