தோசைக்காக இறுக்கிய ஸ்பிரிங்

பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் தெருமுனை வேகத்தடையில் என் மகள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டதற்கு எது காரணம்? நான் போன வேகமா, தெருக்காரர்கள் மிச்சச் சிமெண்டில் கட்டிவைத்த அந்த மேடா, என் கணவர் இறுக்கிவைத்த ஸ்பிரிங்கா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

என் கணவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அப்படிச் சொல்லித்தான் பழக்கம். ஓட்டுவது பெரும்பாலும் நான். அவரை அழைத்துப்போக ஆபீஸ் கேப் வந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை, நாலு வயது மகளை என் முதுகோடு பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு, விவேக் நகரில் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். அவர் வண்டியை எடுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆபீஸ் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் விடியற்காலையில் கிளம்பி, தொண்ணூறு கிலோமீட்டர் போய், தோசை சாப்பிட்டு, தட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். எங்கள் தெருவிலேயே தோசை கிடைக்கிறது. அதைச் சொன்னால் எனக்கு ரசனை இல்லையாம்.

இந்தக் கூட்டம்தான் ஸ்பிரிங்கைக் கண்டுபிடித்தது. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் உண்டு. அதன் ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வளையம், வளையத்தில் ஐந்து படிகள். கொக்கி போன்ற ஒரு ஸ்பேனரால் அதைத் திருப்பலாம். ஒன்று மிகத் தளர்வு, ஐந்து மிக இறுக்கம். ஓட்டுபவரின் எடைக்கும் போகிற ரோட்டுக்கும் ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டியது. என் கணவர் எண்பத்தாறு கிலோ. பின்னால் உட்காரும் நண்பர் அதற்கும் மேல். ஆகவே ஒரு சனிக்கிழமை நாலாம் படிக்கு ஏற்றினார். அவர்களுக்கு அது சரிதான். நானும் மகளும் சேர்ந்தால் அறுபத்திரண்டு கிலோ. திங்கட்கிழமை அந்த மேட்டில் வண்டி எங்களைத் தூக்கிப் போட்டது. அவள் சீருடையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

"கொஞ்சம் பாத்து ஓட்டக் கூடாதா?" என்றார் கணவர். பள்ளி ஆசிரியையும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக.

மறுநாள் அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்:

"சார் எவ்ளோ வெயிட் இருப்பாரு மேடம்?"

"நான்தாங்க ஓட்டுறேன்."

"கியர் வண்டியவா?" பக்கத்தில் காத்திருந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். "எதுக்கும் சாருக்கு ஒரு போன் போடுங்க மேடம். அவர் வச்சத நான் மாத்துனா அப்புறம் பேஜாரு."

நானும் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. "அதத் தொட வேணாம், வண்டி ஸ்டெடியா இருக்கு" என்றார் கணவர். அன்று கேபில் உட்கார்ந்து ஆபீஸ் போனவருக்கு எல்லாம் ஸ்டெடியாகத்தான் இருக்கும்.

நானும் பொறியியல் படித்தவள். அன்றிரவே வண்டியோடு வந்த புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இடதுபக்க வளையத்தை ஹெட்லைட் இருக்கும் பக்கமாக இழுத்தேன். இரண்டு படி சுலபமாக இறங்கியது. வலதுபக்கம் போய் உட்கார்ந்து அதையும் ஹெட்லைட் பக்கமாகவே இழுத்தேன். பலம் முழுவதும் போட்டும் ஒரு படிதான் நகர்ந்தது, அப்புறம் நின்றுவிட்டது. துரு என்று முடிவுசெய்தேன். ஒரு படியாவது இறங்கியதே என்று எழுந்துவிட்டேன். எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவள், அதை மட்டும் பார்க்கவில்லை.

அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம் வளைவுகளில் வண்டி ஒருமாதிரி அலைந்தது. "ஒரு பக்கமா சாயாதடி" என்று மகளைத் திட்டினேன்.

"நான் சாயலம்மா."

"பொய் சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் கூடிய நண்பர்களில் ஒருவர் குனிந்து பார்த்தார். "மச்சான், லெஃப்ட்ல ரெண்டு, ரைட்ல அஞ்சு. யார்டா இந்த எஞ்சினியரு?" எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும்தான். தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்து நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வளையமும் ஒரே மாதிரி, மேலிருந்து பார்த்தால் ஒரே திசையில் சுற்றினால்தான் தளரும்; எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து முன்னால் இழுத்தால் எதிரெதிராகச் சுற்றும். இந்தப் பக்கம் முன்னால் இழுத்தால் தளரும். அந்தப் பக்கம் முன்னால் இழுத்தால் இறுகும். ஐந்துக்கு மேல் படி இல்லாததால்தான் நின்றிருக்கிறது. அப்படி ஒரு வண்டியில் மூன்று நாள் குழந்தையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

"ரைட்ல அஞ்சு வச்சது நான்தான்" என்றேன். "அதுக்கு முன்னாடி ரெண்டுலயும் நாலு வச்சது எந்த எஞ்சினியருங்க?"

"அது ஹைவேக்கு சிஸ்டர்."

"ஹைவேல நீங்க வாரத்துல ஒரு நாள் தோசைக்குப் போறீங்க. பாப்பா அஞ்சு நாள் ஸ்கூலுக்குப் போறா. எந்த ரோட்டுக்கு வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது ஏற்பாடு இதுதான்: சனிக்கிழமை அவர் ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து தூங்குவார். "உனக்குத்தான் இப்ப மாத்தத் தெரியுமே" என்கிறார், பாராட்டுவது போல. திங்கட்கிழமை காலையில், மகள் டிபன் பையோடு பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டு பக்கமும் இரண்டாம் படிக்கு நான் இறக்குகிறேன். தலைகீழாக எண்ணி இன்னொரு முறையும் சரிபார்க்கிறேன்.

வண்டி இப்போது தூக்கிப் போடுவதில்லை. ஆனால் மேடு கண்ணில் பட்டதுமே மகள் என் இடுப்பிலிருந்து இரண்டு கையையும் எடுத்து வாயைப் பொத்திக்கொள்கிறாள். பள்ளி போய்ச் சேருவதற்குள் பதினொரு மேடு. பதினொரு முறையும் பெல்ட் மட்டும்தான் அவளைப் பிடித்திருக்கிறது. கெஞ்சினேன், திட்டினேன், நடக்கிற வேகத்தில் ஓட்டிக் காட்டினேன். "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று கணவர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

இப்படிப் பயந்த குழந்தையை நீங்கள் வண்டியில் கூட்டிப்போயிருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கொஞ்ச நாள் ஆட்டோவில் போனால் மறந்துவிடுவாளா, இல்லை நிறுத்தினால் பயம் அப்படியே தங்கிவிடுமா? எந்தப் படியில் வைக்க வேண்டும் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.