மடையைத் திறந்தது யார்?

நான் வேலை செய்யும் ஹைடல்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஜன்னல் மறைப்புகள் தாமாகவே இறங்கும். வெயில் ஏறியதும் கட்டடத்தின் தெற்குப் பக்கம் முழுவதும் அலுமினியத் தகடுகள் சரசரவென்று ஒன்றாகக் கீழிறங்கி அறையை மங்கவைக்கும். மேகம் வந்தால் மேலே போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வெளிச்சம் போவது எனக்குப் பெரிதில்லை, இறக்குவது யார் என்று தெரியவில்லையே என்பதுதான் உறுத்தல். கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டரிடம் போய், எனக்கு வந்த ஜெர்மனில், இதை யார் இறக்குகிறார்கள் என்று கேட்டேன். ‘நீமாண்ட்’ என்றார். யாருமில்லை. நான் புகார் சொல்வதாக நினைத்துக்கொண்ட அந்த நல்ல மனிதர் மறுநாள் ஏணியோடு வந்து, என் ஜன்னலைத் தட்டிப் பார்த்து, பழுது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கூரையில் வெயிலை உணரும் சிறு கருவி ஒன்று இருப்பதைச் சக ஊழியர் ஒருவர் காட்டிய பிறகுதான் எனக்கு மனம் அடங்கியது.

யாருமில்லை என்ற பதில் எங்கள் பெருமாட்டியில் செல்லாது. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் அது. ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் முறை வைத்து வரும். நம் முறையன்று தென்னைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரோ மேலே மடையைத் திருப்பிவிட்டார்கள் என்று பொருள். அந்த யாரோவுக்குப் பெயர் உண்டு, மண்வெட்டி உண்டு, நம்மோடு பழைய பகையும் உண்டு. தண்ணீர் தானாகத் திசை மாறியதாக எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா காலமாவதற்கு முன் ஒருமுறை என் வேலை என்னவென்று கேட்டார். ‘ஜீன் ரெகுலேஷன்’ என்றேன். ஆற்றின் குறுக்கே எங்கள் பக்கம் கட்டியிருக்கும் தடுப்பணைக்கு ரெகுலேட்டர் என்றுதான் பெயர். “ரெகுலேட்டர் நம்மூர்லயே இருக்குதே அம்மிணி, அதுக்கு எதுக்கு செர்மனி வரைக்கும் போகோணும்?” என்றார்.

அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. உடம்பின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான். எது எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதில்தான் நரம்பும் தோலும் வேறுபடுகின்றன. கருவில் சில மரபணுக்கள் வேகமாக வேலை செய்து, குழந்தை பிறக்கும் தறுவாயில் அடங்கிவிட வேண்டும். சில குழந்தைகளில் அவை அடங்குவதில்லை. நரம்பாக மாற வேண்டிய இளஞ்செல் இளஞ்செல்லாகவே நின்று பெருகிக் கட்டியாகிறது. பெரியவர்களின் புற்றுநோய் பெரும்பாலும் தேய்மானத்தால் வருவது. குழந்தைகளுடையதோ முடியாமல் நின்றுபோன வளர்ச்சி. அந்த மரபணுக்கள் ஏன் அடங்கவில்லை, எந்த மடை மூடவில்லை என்று, கணினியில் எழுத்துகளாக வரும் மரபணு வரிசையில் தேடுவதே என் வேலை. அங்கே ரத்தமும் இல்லை, குழந்தையும் இல்லை. மாதிரிகள் எண்களாக வரும், அவற்றின் பின்னால் இருக்கும் பெயரைத் தேடக் கூடாது என்பது விதி.

அப்படி இருக்கையில்தான் பெயரோடு ஒரு குழந்தை வந்தது. என் தங்கை சுமதியின் மகள் மிதுனாவுக்கு நான்கு வயது. வயிறு உப்பலாக இருக்கிறதென்று காட்டப் போனவர்களைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். நியூரோபிளாஸ்டோமா. நான் ஆண்டுக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த அதே கட்டி.

வீட்டில் எல்லோரும் கேட்க, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சுமதி என்னிடம் விளக்கம் கேட்டாள். எளிமையாகச் சொல்ல நினைத்து எங்கள் ஊர் உவமையையே எடுத்தேன். பக்கத்து வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் இந்த வயலுக்குள் வந்துவிட்டது, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை என்றேன். சொன்னபோது எனக்கு அது திருப்தியாகக்கூட இருந்தது. மறுமுனையில் சுமதியின் மாமியார் கேட்டார்.

“அப்ப மடையத் தொறந்தது யாரு அம்மிணி?”

அந்த உவமையை ஹைடல்பெர்க்கில் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. பெருமாட்டியில் வேறெந்தக் கேள்வியும் வந்திருக்காது. ஊரை விட்டு வந்து இத்தனை காலத்தில் எனக்கு மறந்துபோனது அதுதான்.

விளைவு சில நாட்களில் தெரிந்தது. மிதுனாவின் ரத்தத்திலேயே ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக மருத்துவமனையில் கண்டிருந்தார்கள். அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்ததா, அவளிடமே புதிதாகத் தோன்றியதா என்று பார்க்க இருவரின் ரத்தத்தையும் கேட்டார்கள். பெற்றோரிடமிருந்து வந்ததென்றால் அவளுக்குப் பின் பிறந்த கைக்குழந்தையையும் கண்காணிக்க வேண்டும். சுமதி தர மாட்டேன் என்றுவிட்டாள். “என்ற ரத்தத்துல இருக்குதுன்னு காயிதத்துல வந்துட்டா, அப்பறம் இந்த ஊட்ல நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு இருக்கறது அக்கா?” என்றாள். அவளுக்குத் தைரியம் சொல்ல என்னால் முடியவில்லை. உன்னிடம் இருக்காது என்று சொல்லியிருக்கலாம், ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வராது. மிக அரிது என்று மட்டும் சொன்னேன். அரிது என்றால் உண்டு என்றுதானே அர்த்தம் என்றாள் அவள். விடுப்பு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன்.

சுமதியின் மாமியார், எனக்கும் அத்தைதான், என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்து வந்தவள் நான். உட்கார்ந்து பேசினால், அவரும் என்னைப் போலவே தேடிக்கொண்டிருந்தார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா, தென்னைக்கு வைத்த மருந்தா, மாசமாக இருந்தபோது சுமதி கிரகணத்தன்று வெளியே வந்தாளே, அதுவா? ஒவ்வொன்றையும் எடுத்துவைத்து என் முகத்தைப் பார்த்தார். ஒன்றை விலக்கியதும் அடுத்ததற்கு வந்தார். எங்கள் ஆய்வுக்கூடக் கூட்டங்கள் நடக்கும் விதமும் இதுதான். ஒரு வித்தியாசம், அவர் தேடுவது ஓர் ஆளை.

விலக்க வேறெதுவும் மிச்சமில்லாதபோது அவர் பார்வை சுமதியிடம் போனது. “அப்ப தொறந்தவங்க ஊட்டுக்குள்ளதான இருக்கோணும்,” என்றார். சுமதி கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

“போன மாசம் தெக்கால வரப்புல எலி வங்கு உழுந்து நம்ம தண்ணியெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போச்சே. அன்னிக்கு யாரக் கேட்டீங்க அத்தை?”

“எலியப் போயி கேக்க முடியுமா?”

“அதையேதானுங்க நானும் கேக்கறேன்.”

அத்தை வெற்றிலையை மென்று முடித்தார். அவர் தோற்றுவிட்டதாக நான் நினைத்தேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பி, எலி தோண்டிய வங்குதான் காரணம் என்றால் பிறகு ரத்தம் எதற்குக் கேட்கிறார்கள் என்றார். நல்ல கேள்வி. என் மாணவர்கள் இதைக் கேட்க ஒரு பருவம் ஆகும். வங்கு பழசா புதுசா என்று பார்க்கத்தான், பழசாக இருந்தால் அது பக்கத்து வரப்புக்கும் ஓடியிருக்கலாம் என்று சொல்லி, சுமதியின் மடியிலிருந்த குழந்தையைக் காட்டினேன்.

அத்தை குழந்தையின் வாயோரத்துச் சோற்றைத் துடைத்தார். பிறகு உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டு, காலையில் கோயம்புத்தூருக்குக் கார் சொல்லச் சொன்னார்.

“நீயும் குடு, அவளுங் குடுக்கட்டும். அப்படியே என்ற கையிலயும் எடுத்துக்கச் சொல்லு. வங்கு நம்ம வரப்புலயும் இருக்கும்ல.”

அவர் ரத்தம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையில் சொன்னபோது, வந்தது வந்தாயிற்று, எடுங்கள் என்று கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். சுமதி சிரித்தபடி சொன்னாள். அவள் சிரித்துக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

முடிவு வந்தபோது நான் ஹைடல்பெர்க்குக்குத் திரும்பியிருந்தேன். கோடைக்கால மாலையில் வேலை முடிந்து டிராமில் வரும்போது சுமதியின் கணவர் அறிக்கையை எனக்கு அனுப்பி, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், அதுவரை இங்கே யாருக்கும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, பெயர் தெரியாத ஒன்றில் இறங்கிக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் எல்லோரும் இருந்தார்கள்.

“புதுசுங்க அத்தை. ரண்டு பேர்கிட்டயும் இல்லை.”

“அப்ப யாரு?”

“யாருமில்லீங்க.”

“நல்லாப் பாத்தியா?”

பார்த்தேன் என்றேன். கைக்குழந்தையை ஒருமுறை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் பயப்பட வேண்டாம் என்றேன். சுமதி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை அவளிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, எனக்காகச் சொன்னதும் அல்ல. மிதுனாவுக்கு இன்னும் கீமோ சுற்றுகள் பாக்கி இருக்கின்றன. கட்டி சுருங்கியிருக்கிறது என்பது வரைதான் இப்போது தெரியும்.

மிதுனாவே போனை வாங்கினாள். என்னிடம் பேசும்போதெல்லாம் என்ன சாப்பிட்டாய், என்ன செய்கிறாய் என்று பெரிய மனுஷிபோல விசாரிப்பாள். ரோட்டில் நிற்கிறேன் என்றதும் அதட்டினாள்.

“இருட்டாயிருச்சு பெரிம்மா. ரோட்டுல நிக்காத. ஊட்டுக்குப் போ.”

எதிரே கடைவாசலில் நாற்காலி போட்டு ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் நிழல் காலடியில் கறுப்பாகக் கிடந்தது. கண் கூசும் வெயிலில் நின்றுகொண்டு, “சரி சாமி, இருட்டாயிருச்சு, போறேன்” என்றேன்.