நடை சாத்தியாச்சோ?

எங்கள் பயிற்சி அறைக்கு இருப்பது ஒரு பழைய மரக்கதவு. கீல் தளர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். ஒரு கையால் கைப்பிடியைச் சற்றே தூக்கி, மறு கையால் பலகையை அழுத்தினால்தான் நிலையோடு பொருந்தும். இல்லையேல் மெல்லத் திறந்துகொண்டு, உள்ளிருக்கும் குளிரையெல்லாம் தாழ்வாரத்துக்கு வாரி வழங்கிவிடும். மஸ்கட்டின் கோடையில் அந்தக் குளிரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வகுப்பு தொடங்கும் வேளையில் எழுந்து சென்று, இரு கைகளாலும் அதைச் சாத்திவிட்டு வருவது என் பொறுப்பாயிற்று. அந்தக் கதவை நினைக்கும்போதெல்லாம், அதன் இடுக்கில் முகத்தை மட்டும் நீட்டி, "நடை சாத்தியாச்சோ, ஐயா?" என்று கேட்கும் ஒரு யாழ்ப்பாணத்துக் குரலும் உடன் வந்துவிடுகிறது.

நகரத்தின் தெருநாய்களையும், கைவிடப்பட்ட பூனைகளையும், வழி தவறிச் சாலைக்கு வந்துவிடும் ஆடுகளையும் ஒப்பந்த முறையில் பிடித்துப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில், பயிற்சிப் பிரிவின் எழுத்தராக நான் பணிபுரிகிறேன். நகரின் ரூவிப் பகுதியில் ஓர் அறை. அதில் சுவரலமாரியின் மேல்தட்டே என் பூசையிடம். விடியலில் பதிகம் ஓதி, இறைவன் படத்துக்கு ஒரு சரம் சாத்திவிட்டு டியூட்டிக்குக் கிளம்புவது வழக்கம். நாய் பிடிக்கும் நிறுவனத்தில் தமிழ்மறை ஓதுபவனுக்கு என்ன வேலை என்று அறை நண்பர்கள் கேலி செய்வதுண்டு. எல்லா உயிரிலும் ஒருவனே உறைகிறான் என்று பாடிவிட்டு வேறெந்த அலுவலகத்துக்குப் போவது என்று நானும் சொல்லி வைப்பேன்.

எங்கள் பணியில் ஒரு விதி உண்டு. ஒருமுறை கற்றுத் தேர்ந்துவிட்டோம் என்று யாரும் அமர்ந்துவிட முடியாது. ஆண்டுதோறும் குறித்த அளவு புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் அதிகார அட்டை புதுப்பிக்கப்படும். சுருக்குக் கோலை விலங்கின் கழுத்து நோகாமல் பிடிப்பது, வெயிலில் மயங்கிய பிராணிக்கு முதலில் என்ன செய்வது, காயத்தின் வயதை எப்படி மதிப்பிடுவது, சாட்சியிடம் எவ்வாறு கேட்பது என்று பாடங்கள் நீளும். அட்டை காலாவதியானவர் நாய் பிடிக்கப் போகலாம். ஆனால் வதைப் புகாரை விசாரித்துக் கையொப்பமிடும் அதிகாரம் அவருக்கு இராது. அந்தக் கோப்பு மேலதிகாரியின் மேசைக்குப் போய்விடும். அவர் எகிப்து நாட்டவர், நல்லவர், ஆனால் தாளில் உள்ளதைத் தவிர வேறெதையும் அறிய அவருக்கு நேரமிருந்ததில்லை.

வதைப் புகார்களை விசாரித்தவர் ஆய்வாளர் அம்மா. அலுவலகம் முழுவதும் அவரை அவ்வாறே அழைத்தது. மலையாளிகளும் நேபாளிகளும்கூட 'அம்மா' என்றே விளித்தார்கள். யாழ்ப்பாணத்தில் கால்நடை வைத்தியசாலை ஒன்றில் உதவியாளராக இருந்து, கணவர் மறைந்தபின் இங்கு வந்தவர். கட்டைக் குரல், வேகமான நடை, காலணியில் எப்போதும் ஏதேனும் ஒரு கட்டட சைட்டின் புழுதி. மனிதர்களோடு பேசும்போது சிடுசிடுப்பார். அடிபட்ட நாயின் முன்னால் அமர்ந்தாரானால், "ஆறுதலா, ஆறுதலா" என்று அவர் சொல்வது தாலாட்டுப் போல் இருக்கும். மெதுவாக என்பதற்கு அவர்கள் ஊரில் அந்தச் சொல்லைத்தான் வழங்குவார்களாம். துன்பத்தில் இருக்கும் உயிரிடம் மெதுவாக நடந்துகொள்வதும் ஆறுதல் அளிப்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதைக் கேட்டு நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

பயிற்சி வகுப்புகள் மட்டும் அவருக்குக் கசந்தன. "வருசா வருசம் உதே படம், உதே நாய். அந்த நாயே இப்ப கிழடாகியிருக்கும், ஐயா" என்பார். தாமதமாகத்தான் வருவார். நான் கதவைச் சாத்தியபின் வருபவருக்கு அன்றைய பயிற்சி கணக்கில் சேராது என்பது சட்டம். அதனால்தான் கோயில் மூடும் நேரத்தில் ஓடி வரும் அடியவரைப் போலப் பாவனை செய்து, நடை சாத்தியாச்சோ என்று கேட்பார். என் பக்தியையும் என் கண்டிப்பையும் ஒரே சொல்லில் அவர் எள்ளி நகையாடியதை நான் ரசிக்காமல் இருந்ததில்லை.

சாட்சி விசாரணைப் பாடத்தில் செய்முறைப் பயிற்சி ஒன்று உண்டு. யாரேனும் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவராக நடிக்க, மற்றவர் விசாரிக்க வேண்டும். அந்த வேடம் ஆண்டுதோறும் எனக்கே வாய்த்தது. நெற்றியில் நீறு துலங்க நான் நாயை அடித்தவனாக அமர்ந்திருப்பேன். "இந்த முகத்தைப் பாத்து ஆர் நம்புவினம்? கொஞ்சம் கள்ள முழி முழியுங்கோ" என்று அம்மா சீண்டுவார்; வகுப்பே சிரிக்கும். பயிற்சியளிக்க வரும் கேரளத்து விலங்கு மருத்துவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, எப்போதும் சொல்லும் வாக்கியத்தைச் சொல்வார்: "சொன்னதை எழுதினால் பாதி விசாரணை. சொன்னதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் முழு விசாரணை." அம்மா அந்த வாக்கியத்தை அவருடைய உச்சரிப்பிலேயே முணுமுணுத்துக் காட்டுவார்.

ஓர் ஆண்டு கோடையில் ஒரு புகார் வந்தது. கட்டடம் எழும் சைட் ஒன்றில், கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகைக்குள் ஒரு நாய் ஓலமிடுவதை வழிப்போக்கர் ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். எங்கள் குழுவினர் சென்று பார்த்தபோது நாயின் பின்னங்கால் முறிந்திருந்தது. சைட்டின் காவலாளி அரியலூர்ப் பக்கத்துக்காரர். தமிழன்றி வேறு மொழி வராதவர். அம்மா அன்று வேறோர் ஊரில் இருந்ததால், அலுவலகத்து மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் அவரை விசாரித்து, ஆங்கிலத்தில் வாக்குமூலம் எழுதினார். மொழிபெயர்ப்பாளர் மஸ்கட்டிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண், கெட்டிக்காரர், அவருக்குத் தமிழ் வீட்டுச் சமையலறையிலிருந்தும் திரைப்படங்களிலிருந்தும் வந்தது. அவர் எழுதிய வாக்கியத்தின் பொருள் இது: "நாயைக் கொட்டகைக்குள் விட்டு, நன்றாக அடித்தேன்."

வாக்குமூலத்தைப் படித்த அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "செய்ததையும் செய்துபோட்டு, நல்லா அடிச்சனான் எண்டு வாயாலையே சொல்லியிருக்கிறான். உப்பிடிப்பட்ட ஆக்களை இங்க வைச்சிருக்கக்கூடாது" என்றார். காவலாளியின் கம்பெனி அதற்குள் அவருடைய விசாவை ரத்துச் செய்து ஊருக்கு அனுப்ப ஆயத்தமாகிவிட்டது. வழக்கும் தொடரப்படலாம் என்று பேச்சு. அம்மா கையொப்பமிட்டால் முடிந்தது. ஆனால் அவருடைய அட்டை அன்று நண்பகலோடு காலாவதியாகவிருந்தது. மிச்சமிருந்த ஒரே வகுப்பு அன்று காலை சாட்சி விசாரணை வகுப்பு. அதற்கு வராவிட்டால் கோப்பு எகிப்தியரிடம் போகும். தாளில் உள்ளபடி முடியும்.

அன்றும் தாமதம். நான் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது இடுக்கில் அந்த முகம் தெரிந்தது. வழக்கமான கேள்வி வரவில்லை. நேரே வந்து பின்வரிசையில் அமர்ந்தார். தாழ்வாரத்து நாற்காலியில் ஒரு மெலிந்த மனிதர், மடியில் பயணப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். கையெழுத்து வாங்குவதற்காகக் கம்பெனி சூப்பர்வைசர் அவரை அழைத்து வந்திருந்தார். பை கட்டப்பட்டுவிட்டது என்பதே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிற்று.

செய்முறைப் பயிற்சிக்கு மருத்துவர் என்னை அழைத்தார். நான் எழுந்தேன். அம்மா குறுக்கிட்டார். "ஐயா இருக்கட்டும். உண்மையான ஆளே வெளியில இருக்கிறார். கையெழுத்து வைக்க முன்னம் நான் அவரைக் கேக்கத்தான் வேணும். உங்கட முன்னாலேயே கேக்கிறன், டொக்டர்." மருத்துவர் தயங்கினார், பிறகு, உண்மையான விசாரணை என்பதால் யாரும் சிரிக்கவோ இடையே பேசவோ கூடாது என்று எச்சரித்துச் சம்மதித்தார். மொழிபெயர்க்கும் பெண்ணையும் அழைத்து அமர்த்தினோம்.

காவலாளி உள்ளே வந்து நின்றார். உட்காரச் சொன்னபோது நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார்.

"நாய்க்கு என்ன செய்தனீங்கள்? மறைக்காமச் சொல்லுங்கோ."

"அதாங்க போன்லயே சொன்னேனே. உள்ள விட்டு நல்லா சாத்திட்டேங்க."

அம்மாவின் பேனா நின்றது. ஆயினும் குரலில் இருந்த சினம் இறங்கவில்லை. "ஏன் சாத்தினீங்கள்?"

"சாத்தாம எப்படிங்க? அது பாட்டுக்கு மறுபடியும் ரோட்டுக்கு நகந்துடும். வெளிய மத்த நாய்ங்க வேற. அதான் நல்லா சாத்திட்டேன்."

அம்மா மருத்துவரை ஒருகணம் பார்த்தார். ஆண்டாண்டாகக் கேலி செய்துவந்த அந்த வாக்கியம் அவருக்குள் எழுந்ததை நான் அவர் முகத்தில் கண்டேன். பேனாவை மேசையில் வைத்தார்.

"எப்பிடிச் சாத்தினனீங்கள் எண்டு ஒருக்காச் செய்துகாட்டுங்கோ பாப்பம்."

அவர் குழம்பினார். இதையெல்லாமா செய்துகாட்டச் சொல்வார்கள் என்பதுபோல் எங்களைச் சுற்றிப் பார்த்தார். பின்பு எழுந்து, பயணப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, நேரே எங்கள் கதவண்டை சென்றார். அவர் உள்ளே வந்தபின் அது வழக்கம்போல் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. அந்தக் கதவின் குறை அவருக்கு யாரும் சொல்லாமலே கைக்குத் தெரிந்துவிட்டது போலும். ஒரு கையால் கைப்பிடியைத் தூக்கி, மறு கையால் பலகையை அழுத்தி, ஓசையின்றிப் பொருத்தினார். பொருத்தியபின், மறுபுறத்தில் ஏதோ ஓர் உயிர் படுத்திருப்பதுபோல், உள்ளங்கையைச் சிறிது நேரம் அதன்மேல் வைத்திருந்தார்.

"இப்படித்தாங்க" என்றார்.

முதலில் பேசியவர் மொழிபெயர்ப்பாளர். "அங்கிள், சாத்துறதுன்னா ஹிட் பண்றதுதானே? படத்துல எல்லாம் நாலு சாத்து சாத்துவேன்னுதானே சொல்வாங்க?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. அவர் வளர்ந்த அடுக்குமாடி வீடுகளில் கதவுகளை 'க்ளோஸ்' செய்தார்கள், தமிழில் சாத்தியதில்லை.

அம்மா அத்துடன் முடித்துவிடவில்லை. ஒரு சொல் ஒருவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்றால், ஒரு சொல்லே அவரை விடுவித்துவிடவும் கூடாது என்றார். வகுப்பு முடியும் வரை இருந்து, என் கையால் அட்டைக்கான சான்றைப் பெற்றுக்கொண்டு, நேரே அந்த சைட்டுக்குப் போனார். கொட்டகைக்குள் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்ட படுக்கையும், பெயிண்ட் டப்பாவில் தண்ணீரும் இருந்தன. மணல் கொண்டுவரும் லாரியின் ஓட்டுநர், பெஷாவர்க்காரர், கேட்டதுமே ஒப்புக்கொண்டார். "லாரி ரிவர்ஸில் பட்டுவிட்டது. அந்த மதராஸி பாய்தான் தூக்கிக்கொண்டு போனார்" என்றாராம். அன்று மாலையே அம்மா கோப்பில் கையொப்பமிட்டார். காவலாளி தம் பையைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் கேம்புக்குத் திரும்பினார். நாயும் தேறி, மூன்று காலை ஊன்றி நான்காவதை நோகாமல் வைத்து, அதே சைட்டில் அவர் பின்னாலேயே திரிந்தது.

அன்றிரவு எனக்கு ஓதுவதில் மனம் ஒன்றவில்லை. மாலை சாத்துகிறோம், சந்தனம் சாத்துகிறோம், திருநடை சாத்துகிறோம். ஒரு சொல்லின் பல பொருள்களில் தோய்ந்து இன்புறுவதே பக்திப் பாடல் பயின்றவனின் செல்வம் என்று வாழ்ந்திருக்கிறேன். அதே சொல்லின் மற்றொரு பொருளுக்குள் ஓர் எளிய மனிதரின் வாழ்வு அகப்பட்டுக்கொள்ளக்கூடும் என்பது எனக்குப் புதிய பாடமாக இருந்தது. புத்தாக்கப் பயிற்சி எங்கள் ஆய்வாளர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று போலும்.

அதன்பின் எங்கள் நிறுவனத்தில் வாக்குமூலங்களை முதலில் பேசியவரின் மொழியில், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, அதன் கீழே மொழிபெயர்ப்பை எழுதும் முறை வந்தது. வற்புறுத்திக் கொண்டுவந்தவர் அம்மா. வகுப்பிலும் அந்த நிகழ்ச்சி பாடமாயிற்று. விளைவாக, பிலிப்பைன்ஸ் நாட்டவரும் நேபாளிகளும் ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். குளிர் வெளியேறுவதைக் கண்டால் எகிப்திய மேலதிகாரியே, "யல்லா, சாத்து!" என்று அரபியில் விரட்டித் தமிழில் முடிப்பார்.

அம்மா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பயிற்சியின் பெரும்பகுதி இன்று கணினித் திரைக்கு மாறிவிட்டது. அவரவர் அறையில் அமர்ந்து, படத்தை ஓடவிட்டு, கேள்விகளுக்குப் பொத்தானை அழுத்தினால் நேரம் கணக்கில் ஏறிவிடுகிறது. சாட்சி விசாரணை வகுப்பை மட்டும் அந்தப் பழைய அறையில், ஆள் முன் ஆள் அமர்ந்து நடத்துகிறோம். குற்றவாளியாக நடிப்பது இன்னமும் நான்தான். ஆண்டுக்கொருமுறை அந்த வகுப்பில் பேசுமாறு அம்மாவைக் கேட்டுக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து திரையில் தோன்றுவார். அங்கே கரண்ட் போய்விடும், அல்லது இணைப்பு அறுந்துவிடும், எப்படியும் தாமதம்தான்.

இந்த ஆண்டும் அப்படியே. மருத்துவர் மணியைப் பார்த்தார். புதிய ஆய்வாளர்கள் திரையைப் பார்த்தார்கள். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். தாழ்வாரத்து வெப்பம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒருவழியாகத் திரை ஒளிர்ந்து, நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியும் தெரிந்தன.

"நடை சாத்தியாச்சோ, ஐயா?"

"இன்னும் இல்லை, அம்மா. நீங்கள் வரட்டும் என்றுதான்" என்றேன்.

கைப்பிடியைச் சற்றே தூக்கி, பலகையை அழுத்தினேன். பொருந்தியபின், உள்ளங்கையை அதன்மேல் சிறிது நேரம் வைத்திருந்தேன்.